எந்த மரம் நன்றாகப் பாடும்?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு அறிவியல் மன்ற மாணவியர்

முன்னுரை

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை. அழுகின்ற குழந்தை தாலாட்டுக் கேட்டு உறங்குகிறது. களைத்துப் போன உழவர் ஏற்றப் பாட்டிலே களைப்பை மறந்தனர். அத்தகைய இன்பத்தைத் தரும் இசைக்கருவிகளுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் நிழல் தந்து நின்ற மரங்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நாங்களும் இவ்வாண்டு வரை நினைத்ததில்லை. எங்களை நினைக்க வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

நம் பள்ளியின் முன்னாள் மாணவியர் பாடகர் குழுவுக்கென ஒரு தொகையை அன்பளிப்பாக அளித்தனர். அதைக் கொண்டு பேஸ் கிட்டார் ஒன்று வாங்குவதென முடிவாயிற்று. சிஸ்டருடன் எங்களில் நால்வர் காலை இரயிலில் சென்னை சென்றோம். கடையில் இரண்டு கிட்டார்களைக் காட்டினர். ஒன்று சாதாரண மரத்தாலானது. மற்றொன்று அழகிய வரிகளோடு கூடிய மேப்பிள் மேற்பலகையும், ஈட்டி மர விரல்பலகையும் உடையது. இரண்டாவதன் விலை முதலாவதைப் போல மூன்று மடங்கு! "குரலைத் தருவது மரம்தான், விலை அதற்குத்தான்" என்றார் கடைக்காரர்.

சிஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஏன் பிள்ளைகளே, இயற்பியல் படிக்கிறீர்களே, இவர் சொல்வது சரிதானா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை. தலை குனிந்து நின்றோம். "அப்படியானால் தெரிந்துகொண்டு வாங்குவோம். பிறர் கொடுத்த பணம் இது" என்று சொல்லி, வெறுங்கையோடு எங்களை அழைத்து வந்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் இசை அறையின் மூலையில் உறை போர்த்திக் கிடந்த பழைய வீணை எங்கள் கண்ணில் பட்டது. குடத்தில் விரிசல் விட்டதால் இரண்டு ஆண்டுகளாக அது ஊமையாகக் கிடந்தது. பழுது பார்க்கப் பணம் இல்லை என்பதே காரணம். மூன்று மடங்கு விலைக்கு மரம் வாங்குவதா என்ற கேள்வி அப்போது இன்னும் பெரிதாகத் தோன்றிற்று. ஒரு மாத காலம் படித்தும், ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தும் நாங்கள் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

தந்தி தனித்துப் பாடுவதில்லை

முதலில் ஒரு எளிய சோதனை. இசைக்கவை ஒன்றை இரப்பர்க் கட்டையில் தட்டிக் கையில் பிடித்தால் அதன் ஒலி காதருகே கொண்டு போனால்தான் கேட்கும். ஆனால் நெடுநேரம் கேட்கும். அதே கவையைத் தட்டி, அதன் காம்பை ஒரு மெல்லிய பலகையின் மேல் ஊன்றினால் வகுப்பு முழுவதும் கேட்கும். ஆனால் விரைவில் அடங்கிவிடும். காம்பைச் சிமென்டுத் தரையில் ஊன்றினாலோ ஒலி பெருகுவதில்லை, அதிர்வு நீடிக்கிறது.

ஏன் இப்படி? கவையிடம் இருக்கும் ஆற்றல் ஓர் அளவுதான். பலகை அந்த ஆற்றலை வாங்கித் தானும் அதிர்ந்து, தன் அகன்ற பரப்பால் காற்றை அசைக்கிறது. எனவே ஒலி பெருகுகிறது. கவையின் கையிருப்பும் விரைவில் தீர்கிறது. தரை கனமானது, அசையாதது. அது வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆற்றல் அழியாமை விதியைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். அன்றுதான் அதைக் காதால் கேட்டோம்.

தந்தியும் இப்படியே. மெல்லிய கம்பி காற்றைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு போகுமே தவிர, காற்றை அதிகம் அசைக்காது. ஆய்வுக்கூடத்திலுள்ள சுரமானியின் கம்பிக்கு அடியில் மரப்பெட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். ஒரு மரம் தந்தியிடமிருந்து எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது, எந்தச் சுரங்களை அதிகமாகவும் எவற்றைக் குறைவாகவும் வெளியே விடுகிறது, எவ்வளவைத் தனக்குள்ளே வெப்பமாக வீணாக்குகிறது என்பவற்றைப் பொறுத்தே கருவியின் குரல் அமைகிறது.

இதைத் தீர்மானிப்பவை மூன்று குணங்கள். முதலாவது அடர்த்தி. இரண்டாவது விறைப்பு, அதாவது வளைக்க முயன்றால் எதிர்க்கும் தன்மை. மூன்றாவது தணிவு, அதாவது அதிர்வை உள்ளே விழுங்கிவிடும் தன்மை. மரத்தின் நார் ஓடும் திசையில் ஒலி நொடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் வேகத்தில் செல்கிறது. நாருக்குக் குறுக்கே அதில் ஒரு சிறு பங்கு வேகந்தான். ஆகவே ஒரே மரத்தை எப்படி அறுக்கிறோம் என்பதும் குரலை மாற்றும்.

இசைக்கருவிகளுக்குப் பயன்படும் சில மரங்களின் அடர்த்தியைக் கீழே தருகிறோம். கன மீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில், நன்கு உலர்ந்த மரத்துக்கு இவை ஏறத்தாழ உள்ள அளவுகள். தண்ணீரின் அடர்த்தி 1000 என்பதை நினைவில் கொள்க.

ஸ்புரூஸ் (கிட்டார், வயலின் மேற்பலகை): 400 முதல் 450
ஆல்டர் (மின் கிட்டார் உடல்): 450
பலா (வீணை, மிருதங்கம்): 550 முதல் 650
மேப்பிள் (கிட்டார் கழுத்து): 700
ஈட்டி (விரல்பலகை, கிட்டாரின் முதுகும் பக்கமும்): 800 முதல் 850
ஆச்சா (நாதசுரம்): 1000-க்கு மேல்

பலாவும் வீணையும்

நம் நாட்டில் மரத்தின் குரலை நன்கு அறிந்தவர்கள் தஞ்சாவூர் வீணை செய்யும் ஆசாரியார்கள். இன்று நாம் காணும் 24 மெட்டுகள் கொண்ட வீணையின் வடிவம் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பர். அது செய்யப்படும் மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. குடம், தண்டி, யாளி முகம் யாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. 2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏன் பலா? அது மிகக் கனமும் இல்லை, மிக லேசும் இல்லை. பெரிய குடத்தைக் குடையும் அளவுக்குப் பருத்த அடிமரம் அதில் கிடைக்கும். உலர்ந்தபின் எளிதில் கோணாது. கரையான் எளிதில் அரிக்காது. குடைந்து மெலிந்த பலாச்சுவரும் அதன்மேல் மூடும் பலாப்பலகையும் தந்தியின் அதிர்வைக் குதிரையின் வழியே வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கின்றன. வீணையில் மரம் ஒரு வள்ளல். தந்தியிடம் வாங்கியதை அரங்குக்கு வழங்குகிறது. அந்த மரத்தில் விரிசல் விட்டால் பலகையின் இரு கரைகளும் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கும். நம் வீணைக்கு நேர்ந்த நோய் இதுவே.

மரம் மட்டுமே எல்லாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிஞர் சர் சி. வி. இராமன் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெறுமுன்பே நம் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர். வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை கூர்மையாக இல்லாமல் அகன்று சற்றே வளைந்திருப்பதால், தந்தி அதன்மேல் பட்டுப்பட்டு விலகி மேற்சுரங்களை மிகுதியாக எழுப்புகிறது என்று 1921-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். ஆக, வீணையின் இனிமையில் குதிரைக்கும் பங்குண்டு.

நாதசுரத்தின் கதை வேறு. அங்கே பாடுவது உள்ளே இருக்கும் காற்றுத்தம்பம். மரத்தின் வேலை அதிர்வது அன்று. காற்றை உறுதியாகச் சூழ்ந்து நிற்பது. எனவேதான் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான ஆச்சா மரத்தைத் தேர்ந்தனர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சாத் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்கிக் கடைகின்றனர். பல்லாண்டு உலர்ந்த மரம் இனிக் கோணாது, சுருங்காது என்பதே காரணம். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பேஸ் கிட்டாரின் கதை

நிற்க. இனி எங்களைத் தலை குனிய வைத்த பேஸ் கிட்டாருக்கு வருவோம். இதில் நான்கு தடித்த தந்திகள். அவற்றுள் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 41. ஒலியின் வேகம் 340 மீட்டர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல் வரும். ஏறத்தாழ ஒரு வகுப்பறையின் நீளம்! இவ்வளவு நீண்ட அலையைச் சிறிய மரப்பெட்டியால் உரக்க எழுப்ப முடியாது. அதனால்தான் பழைய நாளில் ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ் என்னும் கருவியை நின்றுகொண்டு வாசித்தார்கள்.

1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்குக் குடம் இல்லை; உடல் கெட்டியான ஆஷ் மரப்பலகை, கழுத்து மேப்பிள். தந்திகளின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் என்னும் உறுப்பு இருக்கும். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பாரடே 1831-இல் கண்டறிந்த அதே தத்துவம். அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றனர்.

இங்கேதான் எங்களுக்கு விளக்கு எரிந்தது. பிக்கப்புக்குத் தெரிவது எஃகுத் தந்தியின் அசைவே. மரத்தின் அசைவை அது நேராக அறியாது. வீணையில் மரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பேஸ் கிட்டாரிலோ மரம் வாங்காமல் இருக்க வேண்டும்! தந்தியின் ஆற்றலை மரம் எவ்வளவு குறைவாக எடுக்கிறதோ அவ்வளவு நேரம் சுரம் நீண்டு ஒலிக்கும். முன்னது பலகையில் ஊன்றிய இசைக்கவை. பின்னது தரையில் ஊன்றிய இசைக்கவை.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் கடைக்காரர் சொன்ன இடத்தில் இல்லை. பேஸ் கிட்டாரின் நீண்ட கழுத்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட அளவுகோல் போன்றது. அதற்கென்று இயல்பான அதிர்வெண்கள் உண்டு. நாம் வாசிக்கும் சுரம் அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, கழுத்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிவிடும். அந்தச் சுரம் மட்டும் பக்கத்துச் சுரங்களைவிட முன்னதாகவே செத்துவிடும். வாசிப்பவர்கள் அதைச் 'செத்த இடம்' என்கின்றனர். பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் மிக மெல்லிய தந்தியின் ஐந்தாவது மெட்டிலிருந்து ஏழாவது மெட்டுக்குள் இது தென்படும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ஃபிளைஷர் கழுத்தின் அதிர்வுகளை அளந்து இதை விளக்கியிருக்கிறார்.

ஆகவே உயர்ந்த கருவிகளைச் செய்வோர் கழுத்துக்கே அதிகக் கவனம் தருகின்றனர். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த மேப்பிளைத் தேடுகின்றனர். வெவ்வேறு மரங்களின் பட்டைகளை ஒட்டி ஒரே கழுத்தாக்குகின்றனர். 1970-களில் கலிபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனம் கழுத்தையே உடலின் ஊடாக மறுமுனை வரை ஓடவிட்டது. விரல்பலகைக்கு ஈட்டியும் கருங்காலியும் விரும்பப்படுவதற்கு அவற்றின் கடினமே முக்கிய காரணம். எஃகுத் தந்தி பல்லாண்டு உரசினாலும் எளிதில் தேயாது.

1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் என்பவர் மரமே இல்லாமல் கரிய இழைக் கலவையால் ஒரு பேஸ் கிட்டார் செய்தார். அது ஊமையாக இருந்ததா? இல்லை. சுரங்கள் ஒரே சீராக நீண்டு ஒலித்தன. பேர் பெற்ற கலைஞர்களும் அதை வாசித்தனர். தேவைப்பட்டது விறைப்பு. அதை மரமும் தரலாம், வேறு பொருளும் தரலாம்.

கண்ணை மறைத்துக் கேட்டபோது

மின்சாரம் இல்லாத சாதாரணக் கிட்டாரிலேனும் விலை உயர்ந்த மரம் பெரிய வேறுபாட்டைத் தருமா? இதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். ஒரே அமைப்புடைய ஆறு கிட்டார்களைச் செய்வித்தனர். மேற்பலகை யாவற்றுக்கும் ஸ்புரூஸ்தான். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ஈட்டி, நம் இந்திய ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கலைஞர்கள் மரம் கண்ணுக்குத் தெரியாதவாறு அவற்றை வாசித்து மதிப்பெண் இட்டனர். ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது! எது எந்த மரம் என்று பிரித்தறிவதும் அவர்களுக்கு எளிதாக இல்லை.

கண்ணால் கண்டதைக் காது கேட்டதாக மனம் நம்பிவிடுகிறது. மேற்பலகையின் மரம் குரலை மாற்றும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அங்கேதான் குதிரை நிற்கிறது. முதுகு வேறு, முகம் வேறு.

ஒரு பலகைக்குப் பின்னால் ஒரு காடு

இதை அறிந்த பிறகு மற்றொரு கேள்வி எழுந்தது. கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக நாம் எதைக் கேட்கிறோம்? ஈட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் செல்வம். பிரேசில் ஈட்டி அரிதாகிப் போனதால் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிரேசில் ஈட்டியின் உலக வணிகம் 1992-இல் தடுக்கப்பட்டது. நம் மாநிலத்தில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிறந்தது. 2017-இல் ஈட்டி இனம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது.

நம் அரக்கோணத்திலிருந்து வடக்கே திருத்தணியைக் கடந்தால் சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. அதற்கு அப்பால் சேஷாசல மலையில் வளர்வது செம்மரம். ஜப்பானியரின் ஷாமிசென் என்னும் மூன்று தந்திக் கருவியில் உயர்ந்த வகைக்குக் கழுத்து இந்தச் செம்மரத்தால்தான் செய்யப்படுகிறது. மரச்சாமான்களுக்கும் அதைத் தேடுவோர் பலர். அதைத் திருட்டுத்தனமாக வெட்டும் வேலைக்கு நம் மாநிலத்து ஏழைகளே அழைத்துச் செல்லப்படுகின்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அந்தக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். யாரோ ஓரிடத்தில் அழகிய மரம் வேண்டும் என்கிறார். வேறோர் இடத்தில் ஒரு குடும்பம் தந்தையை இழக்கிறது.

பலாவோ காட்டைக் கொள்ளையிட்டு வருவதன்று. தோப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் நாம் வைத்து வளர்ப்பது. பழம் தந்து, நிழல் தந்து, முதிர்ந்த பின் வீணையாகவும் மிருதங்கமாகவும் பாடுவது.

முடிவுரை

ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்னை சென்றோம். இம்முறை மரத்தின் பெயரைக் கேட்கவில்லை. கழுத்து நேராக இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டி, சுரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கைக்கடிகாரத்தால் கணக்கிட்டோம். விலை குறைந்ததிலும் செத்த இடம் ஒன்று இருந்தது. விலை மிகுந்ததிலும் ஒன்று இருந்தது! கடைக்காரர் பொறுமையோடு எங்களுடன் கேட்டுப் பார்த்து, தாமும் சிரித்துவிட்டார். சாதாரணக் கிட்டாரையே வாங்கினோம்.

மீந்த பணத்தில் வீணைக்கு ஆசாரியார் ஒருவரை வரவழைத்தார்கள் சிஸ்டர். அவர் குடத்தைச் சுண்டுவிரல் மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டார். விரிசலில் பலா மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தார். நம் ஊர்க் கோடை வெயிலில் இளகிப் போயிருந்த மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டினார். வேலை முடிந்து அவர் சாரணியை மீட்டியபோது, மதிய உணவுக்குப் போய்க்கொண்டிருந்த தங்கைகள் சன்னலோரம் வந்து நின்றுவிட்டனர். பழைய விரிசலின் கோடு இன்றும் தெரிகிறது. குரலில் அது தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வீணையும் பேஸ் கிட்டாரும் ஒரே மேடையில் ஒலித்தன. பெற்றோர் பலர் கேட்டு மகிழ்ந்தனர்.

தங்கைகளே! 'எந்த மரம் சிறந்தது?' என்று கேட்டால் விடை கிடையாது. 'எந்த வேலைக்கு?' என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். கொடுக்க வேண்டிய இடத்தில் பலா சிறந்தது. அசையாது நிற்க வேண்டிய இடத்தில் மேப்பிள் சிறந்தது. காற்றைக் காத்து நிற்க ஆச்சா சிறந்தது. யாரேனும் விலையைக் காட்டி ஒன்றை உயர்ந்தது என்றால், தட்டிப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள், பிறகு நம்புங்கள். இசை அறைக்கு வரும்போது அந்த வீணையின் குடத்தையும் ஒருமுறை மெல்லத் தட்டிப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் எங்கோ ஒரு தோப்பில் நின்ற பலா உங்களுக்குப் பதில் சொல்லும்.